ஹப்போன்களின் ஊர்

ஸ்பெயினில் தடுக்கி விழுந்தால் ஒரு கார்சியாவின் மேல்தான் விழ வேண்டும். முதல் குடும்பப் பெயராக கார்சியாவை வைத்திருப்பவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய முப்பத்து மூன்று பேருக்கு ஒருவர். அடுத்த வரிசையில் ரோட்ரிகஸ், கொன்சாலஸ், பெர்னாண்டஸ், லோபஸ். ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ், பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ் என்று தொடங்கியவை இவை. நம் ஊர் இனிஷியல் மாதிரிதான், ஆனால் ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்து, அதற்குப் பிறகு மாறாமல் நின்றுவிட்ட இனிஷியல்.

இந்தப் பெருங்கூட்டத்துக்கு நடுவே ஒரு சின்னப் பெயர் ஒளிந்திருக்கிறது. ஹப்போன். ஸ்பானியத்தில் ஜப்பான் நாட்டை எப்படி எழுதுகிறார்களோ அதே எழுத்து, அதே உச்சரிப்பு. ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு வசதி வைத்திருக்கிறது. எந்தக் குடும்பப் பெயரைத் தட்டினாலும் நாடு முழுக்க எத்தனை பேருக்கு அது உண்டு என்று சொல்லும். மாகாணவாரியாக ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று வரைபடத்தில் நிறம் தீட்டியும் காட்டும். நாட்டில் இருபது பேருக்குக் குறைவாக உள்ள பெயர் அதில் வராது. ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்ற கவனம். ஹப்போன் அந்த வரம்பைத் தாண்டி வருகிறது. வரைபடத்தில் செவில் மாகாணம் மட்டும் அடர்ந்த நிறத்தில் நிற்கிறது. அந்த மாகாணத்துக்குள்ளும் ஒரே ஊர்தான், கோரியா தெல் ரியோ. நான் அங்கே போகக் காரணம் அந்த நிறம்தான்.

செவில் நகரத்திலிருந்து தெற்கே, குவாடல்கிவிர் நதியை ஒட்டினாற்போல் பஸ் போகிறது. ஹெல்வெஸ் தாண்டி அரை மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். மார்ச் மாதம். தெருவோர ஆரஞ்சு மரங்களெல்லாம் பூத்திருந்தன. செவில்காரர்கள் அந்த வாசனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். பஸ்ஸுக்குள் டீசல் வாசனையையும் மீறி அது வந்தது என்று மட்டும் நான் சொல்லிவைக்கிறேன். கோரியா அழகான ஊர் என்று யாரும் அஞ்சலட்டை அச்சடிக்கப் போவதில்லை. முப்பதாயிரம் பேர், சுண்ணாம்படித்த வீடுகள், நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற குடும்பங்கள். ஆனால் நதி இருக்கிறது. கடல் வெகு தொலைவில் இருந்தாலும் ஓதம் இங்கே வரை ஏறி இறங்குகிறது. காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற தட்டையான படகு ஒன்று இன்றும் ஓடுகிறது. ஒரு காலத்தில் இதே நதியில் ஸ்டர்ஜன் மீன் பிடித்து, 1930களில் இந்த ஊரில் கேவியர் தயாரித்தார்கள். மேலே அல்காலாவில் அணை கட்டியதும் மீன் முட்டையிடப் போக வழியில்லாமல் போயிற்று. தொழிலும் மெல்லப் படுத்துவிட்டது.

இந்த நதிவழியேதான் 1614 அக்டோபரில் ஜப்பானியர்கள் வந்தார்கள்.

கதை ஜப்பானின் வடகிழக்கில் தொடங்குகிறது. சென்டாய் பகுதியை ஆண்ட தாதெ மசமுனே என்ற பிரபுவுக்கு மெக்சிகோவோடு நேரடி வணிகம் வேண்டும். மெக்சிகோ ஸ்பெயின் அரசரிடம் இருக்கிறது. அரசரின் மனதை இளக்கப் பாதிரிமார்களை அனுப்பும்படி கேட்கலாம் என்று யோசனை சொன்னவர் லூயிஸ் சோதெலோ என்ற பிரான்சிஸ்கன் துறவி, செவில்காரர். மசமுனே ஒரு கப்பலையே கட்டினார். சான் ஹுவான் பௌதிஸ்தா என்று அதற்குப் பெயர். 1613 அக்டோபர் 28 அன்று சுமார் 180 பேருடன் அது புறப்பட்டது. தூதுக்குத் தலைமை, ஹசெகுரா சுனெநாகா என்ற நடுத்தரப் படிநிலை சாமுராய். பசிபிக்கைக் கடந்து அகபுல்கோ, அங்கிருந்து தரைவழி மெக்சிகோவைக் குறுக்கே கடந்து வெராக்ரூஸ், பிறகு ஹவானா, பிறகு அட்லாண்டிக். பெரும்பாலோர் மெக்சிகோவிலேயே தங்கிவிட, முப்பது பேர் அளவில்தான் ஸ்பெயினின் சான்லூகார் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கே மெதினா சிதோனியா கோமகன் படகுகள் ஏற்பாடு செய்து அவர்களை நதிவழியே கோரியாவுக்கு அனுப்பிவைத்தார். செவில் நகரத்துக்குள் ஊர்வலமாக நுழைவதற்கு முன்னால் உடை, ஏற்பாடு எல்லாம் சரிசெய்துகொள்ள அவர்களை இறக்கிய இடம்தான் கோரியா. மசமுனே செவில் நகரத்துக்கு எழுதிய கடிதம் இன்றும் அந்த நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதன்பின் எல்லாம் பெரிய இடத்து விவகாரம். 1615 ஜனவரியில் மாட்ரிட்டில் அரசர் மூன்றாம் பெலிப்பேயைச் சந்தித்தார் ஹசெகுரா. அடுத்த மாதம் அரசரின் முன்னிலையில் ஞானஸ்நானம். பெலிப்பே பிரான்சிஸ்கோ என்று புதுப் பெயர். அந்த ஆண்டு இறுதியில் ரோமில் போப்பாண்டவரைப் பார்த்தார். ரோம் நகரம் அவருக்குக் குடியுரிமைப் பட்டயம் கொடுத்தது. கிடைக்க வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை. இவர்கள் பயணத்தில் இருந்தபோதே 1614-இல் ஜப்பான் கிறிஸ்தவத்தைத் தடை செய்துவிட்டது. அந்தச் செய்தி வந்து சேர்ந்த பிறகு ஸ்பெயின் அரசவை யாரோடு ஒப்பந்தம் போடும்? திரும்பும் வழியில் செவிலுக்கு அருகே மடத்தில் தங்கி மாதக்கணக்கில் காத்திருந்தும் பலனில்லை. 1617 ஜூலையில் ஹசெகுரா கப்பலேறிவிட்டார். சிலர் ஏறவில்லை.

ஏறாதவர்கள் ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டியதே இல்லை. ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பினால் என்ன நடக்கும் என்பது பின்னால் நடந்ததைப் பார்த்தாலே தெரியும். சோதெலோ ரகசியமாக ஜப்பானுக்குள் போனார். 1624-இல் உயிரோடு எரித்தார்கள். ஹசெகுரா 1622-இல் இறந்தார். வீட்டு வேலையாட்களில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்ற குற்றத்துக்காக அவருடைய மகன் 1640-இல் கொல்லப்பட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஜப்பான் இந்தத் தூதை மறந்தே போயிற்று. 1873-இல் வெனிஸுக்கு வந்த மெய்ஜி அரசின் தூதுக்குழுவுக்கு அங்கிருந்த ஆவணக் காப்பகத்தில் ஹசெகுராவின் கடிதத்தைக் காட்டியபோதுதான், தங்களுக்கு முன்னால் ஒருவர் வந்திருக்கிறார் என்பதே அவர்களுக்கு உறைத்தது.

கோரியாவின் நதிக்கரைப் பூங்காவில் ஹசெகுராவின் சிலை இருக்கிறது. 1992-இல் செவிலில் உலகக் கண்காட்சி நடந்தபோது ஜப்பானிலிருந்து வந்த அன்பளிப்பு. இரட்டை வாள், கால்வரை தொங்கும் உடை, முகம் நதியை நோக்கி. பக்கத்தில் இப்போதைய ஜப்பானியப் பேரரசர் நருஹிதோ, இளவரசராக இருந்தபோது 2013-இல் வந்து நட்ட செர்ரி மரம். அண்டலூசிய வெயிலில் செர்ரி என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். சிலையின் அடியில் இரண்டு பையன்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

சிலையைவிட எனக்கு அதிகம் கிடைத்த இடம், நதிக்கரையை ஒட்டிய ஒரு அடுக்குமாடியின் நுழைவாயில். அங்கே சுவரில் தபால் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஸ்பெயினில் தபால் பெட்டி மேல் அந்த வீட்டில் இருப்பவர்களின் பெயரை முழுதாக எழுதி ஒட்டுவார்கள். மனைவி திருமணத்தால் பெயர் மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு தம்பதிக்கு இரண்டு வரி, நான்கு குடும்பப் பெயர். ஒவ்வொருவருக்கும் முதலில் தந்தையின் முதல் பெயர், அடுத்து தாயின் முதல் பெயர். பித்தளைத் தகட்டில் செதுக்கியது ஒன்று, பால்பாயிண்ட் பேனாவால் எழுதி செலோடேப் ஒட்டியது ஒன்று, மழை ஈரத்தில் மை கலைந்தது ஒன்று. பன்னிரண்டு பெட்டிகளில் இரண்டில் ஹப்போன் இருந்தது. ஒன்றில் முதலிடத்தில், இன்னொன்றில் இரண்டாம் இடத்தில்.

எண்ணிக்கையின் சிக்கலே இந்த இடத்தில்தான். கோரியாவில் எத்தனை ஹப்போன்கள் என்று கேட்டால் அறுநூறு, அறுநூற்றைம்பது, எழுநூறு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. யாரும் பொய் சொல்லவில்லை. முதல் பெயராக உள்ளவர்களை மட்டும் எண்ணினால் ஒரு கணக்கு, இரண்டாவதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒன்றுவிட்ட உறவுக்குள் கல்யாணம் நடந்து, ‘ஹப்போன் ஹப்போன்’ என்று இரண்டிடத்திலும் அதையே வைத்திருப்பவர்களை இரண்டு பக்கமும் எண்ணிவிட்டால் இன்னொரு கணக்கு. புள்ளியியல் நிறுவனம் இதனால்தான் முதல் பெயர், இரண்டாம் பெயர், இரண்டும் என்று மூன்று தனி எண்களாகத் தருகிறது. இரண்டு இடத்தையும் சேர்த்து எண்ணினால் ஊரில் நாற்பது, ஐம்பது பேருக்கு ஒருவர் தேறுகிறார். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறைக்குள் எட்டிப்பார்த்தால் ஒரு ஹப்போன் கிடைத்துவிடும்.

இந்த ஊரின் பெயர்ச் சேர்க்கைகளில் என்னால் மறக்க முடியாதது ஒரு கால்பந்து நடுவருடையது. ஸ்பெயினில் நடுவர்களை எப்போதும் இரண்டு குடும்பப் பெயரும் சேர்த்துத்தான் பத்திரிகைகள் எழுதும். முதல் பிரிவு ஆட்டங்களில் விசில் ஊதிய ஹோசே என்பவர், தந்தை வழியில் ஹப்போன், தாய் வழியில் செவிய்யா, அதாவது செவில். ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘ஹப்போன் செவிய்யா’ என்று வானொலி அவரை அழைத்தபோது நானூறு ஆண்டுக் கடல் பயணத்தை இரண்டே சொல்லில் முடித்துவிட்டது.

பெயர் ஜப்பானைக் குறிக்கிறது, சரி. அது ஹசெகுராவோடு வந்தவர்களின் பெயர்தான் என்று எப்படிச் சொல்வது? சாந்தா மரியா தெ லா எஸ்த்ரெய்யா என்ற ஊர்க் கோயிலின் பதிவேடுகளில் விடை இருக்க வேண்டும். ஆனால் தேவைப்படும் ஆண்டுகளின் ஞானஸ்நான ஏடுகள் தொலைந்துவிட்டன. கையில் கிடைக்கும் ஏடுகளில் ஹப்போன் முதலில் தலைகாட்டுவது 1667-இல். தூது திரும்பிப் போய் ஐம்பது ஆண்டுகள், பேரன் காலம். நடுவில் ஒரு தலைமுறையின் கண்ணி விட்டுப்போயிருக்கிறது. இதைத் தோண்டித் தேடியவர் விர்ஹினியோ கார்வஹால் ஹப்போன் என்ற உள்ளூர் வரலாற்றாய்வாளர். அவருக்கே அந்தப் பெயர் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஹசெகுரா, தகினோ என்று வாயில் நுழையாத பெயர்களை ஸ்பானிய எழுத்தர்கள் எழுதிப் பார்த்துச் சலித்திருப்பார்கள். ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயருக்குப் பின்னால் நாட்டுப் பெயரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. அப்படி ஒருவர் ஆவணத்திலேயே இருக்கிறார். தூதுவரின் காவல் வீரர்களில் ஒருவர், தோமாஸ் பெலிப்பே என்று ஞானஸ்நானம் பெற்று, ஸ்பெயினில் தங்கி, எக்ஸ்த்ரெமதுராவின் சாஃப்ரா ஊரில் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். எஜமானர் கூலி கொடுக்கவில்லை; அடிமையாகவே நடத்தினார். 1622-இல் அவர் அரசருக்கு மனுப்போட்டு, தான் சுதந்திர மனிதன், ஊருக்குத் திரும்ப அனுமதி வேண்டும் என்று கேட்டார். அந்த மனுவில் ஜப்பான் என்பது அவர் எந்த நாட்டவர் என்பதைச் சொல்கிறது. அவருக்குக் குழந்தை பிறந்து இங்கேயே வளர்ந்திருந்தால், அதுவே குடும்பப் பெயராக இறுகியிருக்கும். தூத்துக்குடிக் கரையில் 1530களில் ஞானஸ்நானம் பெற்ற பரதவர்களுக்கு பெர்னாண்டோவும் கோஸ்தாவும் ரோட்ரிகோவும் வந்து ஒட்டிக்கொண்டது வேறு திசை: அங்கே உள்ளூர்க்காரர் வந்தவரின் பெயரை எடுத்துக்கொண்டார், இங்கே வந்தவருக்கு அவர் விட்டுவந்த நாடே பெயராயிற்று.

இன்னொரு சாத்தியத்தையும் ஒதுக்க முடியாது. தூதுக்கு முன்பே போர்த்துக்கீசியக் கப்பல்களில் ஜப்பானிய அடிமைகள் ஐபீரியாவுக்கும், அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கும் போயிருக்கிறார்கள். 1613-இல் லீமா நகரத்தில் எடுத்த கணக்கெடுப்பிலேயே இருபது ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். ஆக, செவில் பக்கத்தில் ஒரு ஜப்பானியரைப் பார்த்தால் அவர் சாமுராயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பூங்காவில் சிலை வைக்கிறவர்களுக்கு இந்த வரலாறு அவ்வளவு பிடிக்காது.

ஊரில் வேறு ‘ஆதாரங்கள்’ சொல்கிறார்கள். பிறக்கும் குழந்தையின் முதுகுக்குக் கீழே நீல நிறத் திட்டு, கண்ணின் ஓரச் சாய்வு, நெல் நாற்று விடும் முறை. எனக்கு இவற்றில் நம்பிக்கையில்லை. அந்த நீலத் திட்டு உலகில் பல இனக் குழந்தைகளுக்கும் உண்டு. நானூறு ஆண்டு என்றால் பதின்மூன்று தலைமுறை. அந்தத் தூரத்தில் ஒருவருக்கு 8,192 முன்னோர் இடங்கள். அதில் ஒரே ஒருவர் ஜப்பானியர் என்றால் கண்ணில் தெரிய என்ன மிச்சமிருக்கும்? நெல்லோ, பக்கத்துச் சதுப்பு நிலத்தில் 20-ஆம் நூற்றாண்டில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி முதலில் முயன்று, பிறகு வலென்சியாவிலிருந்து விவசாயிகளைக் கொண்டுவந்து பரவிய பயிர். சாமுராய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தந்தையிடமிருந்து மகனுக்குப் பாதியாகக் குறையாமல் போவது ஒன்று மட்டும், ஒய் குரோமோசோம். நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இந்த ஊருக்கு வந்து மரபணு மாதிரி எடுத்துப் போனது அதனால்தான். ஆனால் அதிலும் ஒரு முடிச்சு. இரண்டு குடும்பப் பெயர் என்ற கட்டுப்பாடு சட்டமானதே 1870-இன் குடிமைப் பதிவுச் சட்டத்தோடுதான். அதற்கு முன்பு அண்ணனுக்கு அப்பா பெயர், தம்பிக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர் என்பதெல்லாம் சாதாரணம். பெயர் ஒரு வழியும் ரத்தம் ஒரு வழியும் போயிருக்க இடமுண்டு.

என்னை நம்பவைப்பது அந்த வரைபடத்து நிறம்தான். பட்டப் பெயரிலிருந்தோ தொழிலிலிருந்தோ பிறந்த பெயர்கள் பல ஊர்களில் தனித்தனியாக முளைக்கும். கொல்லன் என்று பொருள்படும் எர்ரேரோ ஸ்பெயின் முழுக்க இருப்பது அதனால்தான். ஹப்போன் ஒரே ஊரில் குவிந்து கிடக்கிறது. அப்படிக் குவிந்தால் ஊற்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த ஒரே ஊர், 1614-இல் ஜப்பானியர்களை இறக்கிவிட்ட அதே ஆற்றுத்துறை. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எண்ணிக்கையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1600 வாக்கில் ஸ்பெயினின் மக்கள்தொகை சுமார் எண்பது லட்சம். இன்று நாலே முக்கால் கோடிக்கு மேல். ஆறு மடங்கு. ஐந்தாறு பேர் தங்கியிருந்தால் நாட்டின் வேகத்தில் அவர்கள் முப்பத்தாறாகியிருக்க வேண்டும், அறுநூறு எப்படி? இரண்டாம் இடத்துப் பெயர்களைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. 1873-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் இதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: பிரபுக் குடும்பப் பெயர்கள் ஏன் அழிந்துகொண்டே போகின்றன? வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆண் வாரிசு வழியே மட்டும் போகும் பெயர்களில் பெரும்பாலானவை சில தலைமுறைக்குள் அற்றுப்போகும், வெறும் அதிர்ஷ்டத்தால். தப்பிய சிலவோ சராசரியைவிடப் பல மடங்கு பெருத்துவிடும். நாம் எண்ண உட்காருவது தப்பியதை மட்டும். கோரியாவில் தங்கிய மற்றொருவருக்கு ஐந்தும் பெண்ணாகப் பிறந்து, அவருடைய பெயர் 1667-க்கு முன்பே தீர்ந்துபோயிருக்கலாம்.

மதியம் நதிக்கரைச் சிற்றுண்டிச் சாலையில் சாப்பிட்டேன். ஆற்றில் பிடித்த அல்பூர் என்ற மடவை மீனை வினிகர், பூண்டு, ஓரிகனோவில் ஊறவைத்துப் பொரித்துக் கொடுத்தார்கள். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். பரிமாறிய பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். என் உடைந்த ஸ்பானியத்தில் எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள்.

“நானும்தான்” என்றாள். “ஆனா எங்க அம்மா வழியில. எனக்கு ரெண்டாவது இடத்துலதான் இருந்துச்சு. அப்படியே விட்டிருந்தா என் பிள்ளைங்களுக்கு வந்திருக்காது.”

“இருந்துச்சா? இப்போ?”

பதினெட்டு முடிந்ததும் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து வரிசையை மாற்றிக்கொண்டாளாம். ஸ்பானியச் சட்டம் அதை அனுமதிக்கிறது. 2017-இலிருந்து பிறக்கும் குழந்தைக்கு அப்பா பெயர்தான் முதலில் என்ற வழக்கமும் போய்விட்டது; பெற்றோர் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

“அப்பா கோவிச்சுக்கலையா?”

“அவர் பேரு கார்சியா. அவங்களுக்கு ஆள் பஞ்சம் இல்லன்னு சொன்னேன்.” தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பி, “மாமாவுக்குத்தான் வருத்தம். அவருக்கு ரெண்டும் பொண்ணு. அவங்களும் பிள்ளை பிறந்தா முதல்லயே வைப்போம்னு சொல்றாங்க, ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சம்மதிக்கணுமே” என்றாள்.

புள்ளியியல் நிறுவனத்தின் பட்டியலில் அவளால் முதல் பெயர்க் கணக்கில் ஒன்று கூடியிருக்கிறது, இரண்டாம் பெயர்க் கணக்கில் ஒன்று குறைந்திருக்கிறது. மொத்தத்தில் மாற்றமில்லை. கார்சியாக்களிலும் ஒன்று முதலிடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருக்கும். 14 லட்சத்தில் அது தெரியப்போவதில்லை.